பால் காணாது என்று சொல்பவளிடம்: புதிதாக வேலைக்கு வரும் மிட்வைப் மகளுக்கு

மகள், உனக்கு நியமனக் கடிதம் வந்துவிட்டது என்று உன் அம்மா போன் எடுத்துச் சொன்னா. ஒன்றரை வருடப் பயிற்சி முடிந்து, மட்டக்களப்பு வாவியின் ஏதோ ஒரு கரையில் இரண்டு மூன்று கிராமங்களை உன் பொறுப்பில் தரப் போகிறார்கள். கடிதத்தில் குடும்பநல உத்தியோகத்தர் என்றிருக்கும். சனத்துக்கு நீ மிட்வைப் அம்மாதான், உன் வயது இருபத்தைந்தானாலும்.

கர்ப்பிணிப் பதிவு, ஊசி, நிறை, குடும்பக் கட்டுப்பாடு என்று எல்லாம் உன் தலையில் வந்து விழும். அவற்றுக்கெல்லாம் சுற்றறிக்கை இருக்கிறது, மருந்து இருக்கிறது, தராசு இருக்கிறது. தாய்ப்பால் விஷயத்தில் உன் குணத்தைத் தவிர வேறு கருவி உனக்கு இல்லை. 1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாடு மிட்வைப்பை வீட்டு வாசலுக்கு அனுப்பி வருகிறது. 1968ல் குடும்ப சுகாதாரப் பணியகம் வந்தது. கொள்கை, படிவம், பயிற்சி எல்லாம் பின்னால் ஒழுங்காக வந்தன. அவ்வளவும் கடைசியில், ஒரு பாயில் உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளையோடு நீ பேசுகிற அரை மணித்தியாலத்தில் வந்து நிற்கிறது. அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்லத்தான் உன்னை உட்கார வைத்திருக்கிறேன்.

1. முதல் ஐந்து நாளுக்குள் போய்விடு. விதி உனக்குத் தெரியும்: பேறு முடிந்து ஐந்து நாளுக்குள் ஒரு தரம், பத்து நாளுக்குள் இன்னொரு தரம், பதினான்குக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் மூன்றாம் தரம், நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டி நாலாம் தரம். நாலிலும் முதலாவதுதான் உயிரானது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் மார்பில் போட்டிருப்பார்கள். வார்டில் தாதி பக்கத்தில் நின்றிருப்பா. வீட்டுக்கு வந்த பிறகு மூன்றாம் நாள், நாலாம் நாள் மார்பு கட்டிப் போகும், சிசேரியன் தையல் வலிக்கும், பிள்ளை இரவு முழுக்க அழும், பார்க்க வந்த சனம் ஆளுக்கொரு யோசனை சொல்லும். போத்தல் வீட்டுக்குள் வருவது அநேகமாக இந்த இரண்டு நாளில்தான். குருமண்வெளியில் பாதைப் படகு ஏறி மண்டூருக்குப் போக வேண்டியிருந்தால் அன்றைக்கே ஏறு. மழை, மாநாடு, மாதாந்த அறிக்கை என்று திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தால், திங்கட்கிழமை நீ போய்ப் பார்ப்பது வேறு ஒரு வீட்டை.

2. வாயைத் திறக்க முன் ஒரு தரம் பால் கொடுப்பதை ஆரம்பத்திலிருந்து முடியும்வரை பார். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அவசரத்தில் எல்லாரும் விடுவதும் இதைத்தான். பிள்ளையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கிறதா, வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, நாடி மார்பில் முட்டுகிறதா, மேலே தெரிகிற கறுப்பு வட்டத்தைவிடக் கீழே குறைவாகத் தெரிகிறதா என்று பார். காதைக் கொடு. முதலில் விறுவிறுவென்று உறிஞ்சி, பிறகு ஆழமாக, நின்று நின்று விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். பிள்ளை விட்ட பிறகு முலைக்காம்பைப் பார்: உருண்டையாக இருந்தால் சரி, ஒரு பக்கம் சப்பையாக நசிந்திருந்தால் பிடிப்புப் பிழை. வேலைக்கு வந்த புதிதில் நான் இவ்வளவு நேரம் பொறுக்கமாட்டேன். பிள்ளையின் பின்தலையைப் பிடித்து மார்பில் அமத்திவிடுவேன். பிள்ளை வில்லாக வளைந்து அலறும், தாய் கண் கலங்குவாள், நான் வெற்றியோடு எழுந்து போவேன். என் மூத்த மிட்வைப் ஒரு நாள் கூட வந்து பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் சொன்னா: "இனி இவள் நீ வந்தால்தான் பால் கொடுப்பாள் கா. நீ இல்லாத ராவைக்கு என்ன செய்வாள்?" அதன் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகினேன். தாயின் கையாலேயே சரி செய்ய வை. ஐந்து நிமிடம் கூடப் போகும், போகட்டும்.

3. 'பால் காணாது.' இந்த இரண்டு சொல்லை உன் சேவைக்காலம் முழுக்கக் கேட்பாய். உடனே "காணும், காணும்" என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் அவள் வாயை மூடிக்கொள்வாள், நீ போனதும் கடைக்கு ஆள் அனுப்புவாள். முதலில் கேள்: "ஆர் மகள் அப்பிடிச் சொன்னது?" பெரும்பாலும் யாரோ சொல்லியிருப்பார்கள். அயலட்டைப் பெண் மார்பைப் பார்த்துச் சிறிது என்றிருப்பாள். பிள்ளை அழுததும் புருசன் "பசி போல" என்றிருப்பான். அவள் கவலையை முழுதாகக் கொட்டி முடித்த பிறகு, இரண்டு அளவுகளை அவள் கையிலேயே கொடு. ஐந்தாறு நாள் கடந்த பிள்ளை தாய்ப்பால் மட்டும் குடித்து ஒரு நாளில் ஆறு தரத்துக்குக் குறையாமல் மூத்திரம் போனால் பால் போதும். பிறந்த நிறையில் முதல் நாட்களில் கொஞ்சம் குறைவது வழக்கம். இரண்டு கிழமைக்குள் அது திரும்பி வந்துவிட வேண்டும். வளர்ச்சிப் பதிவேட்டில் நீயே புள்ளி குத்தாமல், பேனையை அவளிடம் கொடுத்துக் குத்தச் சொல். கோடு மேலே ஏறுவதைத் தன் கையால் போட்டவளிடம் அயலட்டைக்காரியின் பேச்சு எடுபடாது. பிள்ளை எத்தனை தரம் குடிக்கிறதோ அத்தனைக்குத்தான் பால் ஊறும். போத்தல் ஒன்று கொடுத்தால் மார்புக்கு ஒரு வேளை லீவு கிடைக்கிறது, நாலு நாளில் பால் உண்மையாகவே குறைகிறது, "நான் அப்பவே சொன்னன்" என்று சொன்னவர் ஜெயிக்கிறார். இந்தச் சுற்றை அவளுக்கு ஒரு தரம் விளங்க வை. அதே நேரம், நிறை உண்மையில் ஏறாமல் இருந்தால் ஆறுதல் சொல்லி மழுப்பாதே. அன்றைக்கே சுகாதார வைத்திய அதிகாரிக்குச் சொல், ஆஸ்பத்திரியில் பாலூட்டல் முகாமைத்துவ நிலையத்துக்கு அனுப்பு. நம்பிக்கை கொடுக்கிறேன் என்று பிள்ளையைக் காய விடுவது பெரிய பாவம்.

4. அம்மம்மாவை வென்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தாலும் அவள் தாயின் வளவிலேயே இருப்பாள். புருசன்தான் வந்து சேருவான். பாடப் புத்தகங்களில் மாமியாரைச் சமாளிப்பது பற்றி எழுதியிருக்கும். இங்கே நீ சமாளிக்க வேண்டியது தாயின் தாயை. இது நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. பெற்ற தாய் பக்கத்தில் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு இராத்திரித் துணை இருக்கிறது, பத்தியச் சாப்பாடு இருக்கிறது, வீட்டு வேலை செய்ய ஆள் இருக்கிறது. அந்த மனுசியை நீ வாசலில் வைத்தே மூக்கறுத்தால் இத்தனையும் போச்சு. அவர் காய்ச்சும் சரக்கும், வறுக்கும் பால்சுறாவும், சுண்டும் முருங்கை இலையும் நல்ல சாப்பாடுதான். வாய்விட்டுப் பாராட்டு, நீயும் ஒரு வாய் சாப்பிடு. சீனித்தண்ணியையும் தேனையும் மட்டும் நிறுத்தச் சொல். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் சில வேளை கடும் நஞ்சாகும் என்று காரணத்தோடு சொல். காரணம் சொன்னால் கிழவிகள் கேட்பார்கள், அதட்டினால்தான் கேட்கமாட்டார்கள். படுவான்கரையில் ஒரு அம்மம்மா, மகளின் முதல் பால் மஞ்சளாக இருக்கிறது, பழுதாகிவிட்டது என்று பீய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தில் எருமைகள் நின்றன. கன்றுக்கு முதல் நாள் பாலைக் கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். "கண்டு தேறாது மனே" என்றார். சொன்ன வாய் அப்படியே நின்றது. மிச்சத்தை அவரே மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த மாதக் கிளினிக்குக்குத் தெருவில் இருந்த இன்னும் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளைக் கூட்டி வந்தவரும் அவர்தான். தாய்மார் ஆதரவுக் குழு அமைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வரும்போது இளம் தாய்மாரின் பெயரை மட்டும் எழுதி அனுப்பாதே. இப்படிப்பட்ட அம்மம்மாக்களை முதலில் சேர்.

5. காத்தான்குடிக்கோ ஏறாவூருக்கோ மாற்றம் வந்தால் பயப்படாதே, அதிகம் பேசவும் செய்யாதே. இரண்டு வருடம் முழுதாகப் பால் கொடுப்பது பற்றிக் குர்ஆனில், இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனத்தில் இருக்கிறது என்று அங்குள்ள உம்மாமாருக்கு நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களே எனக்குச் சொன்னார்கள். அடுத்தவர் வேதத்தை நீ எடுத்து ஓதப் போனால் நாடகமாகிவிடும், "உங்கட மார்க்கத்தில இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. பிறந்த பிள்ளையின் வாயில் பேரீச்சை தொட்டு வைப்பதைச் சண்டையாக்காதே. சுத்தமான கை, ஒரு தொடுகை, அடுத்த நிமிடம் தாயின் மார்பு. அதைப் பார்த்துக்கொண்டால் போதும். வாசலில் ஆண்கள் இருந்தால் குரல் கொடுத்து, அவர்கள் விலகிய பிறகு உள்ளே போ.

6. கச்சான் காலத்தில் தண்ணீர் கேட்பார்கள். மேற்கே இருந்து சூட்டுக் காற்று வீசும்போது பெரியவர்களுக்கே நாக்கு வறளும், பிள்ளைக்கு ஒரு கரண்டி தண்ணி கொடுத்தால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்விதான். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு தண்ணீர். தண்ணீரைத் தாய் குடிக்கட்டும், பால் பிள்ளைக்குப் போகட்டும். ஆறு மாதம் முடியும்வரை அவ்வளவுதான். ஒரு காலத்தில் நாங்களே நாலு மாதம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள். 2001ல் உலக சுகாதார அமைப்பு ஆறு மாதம் என்று சொன்னது, பின்னால் நம் நாடும் மாற்றியது. நாலு மாதத்தில் சோறு ஊட்டி வளர்த்த தாய், மூன்றாவது பிள்ளைக்கு ஆறு என்று கேட்டால் "நீங்கதானே அப்ப அப்பிடிச் சொன்னீங்க" என்பாள். ஓம் என்று ஒத்துக்கொள். சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கப்படாதவளைத்தான் சனம் நம்பும்.

7. பால்மாக் கம்பனியிடம் ஒரு பேனைகூட வாங்காதே. 1939ல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை வைத்தியர் மேடையேறி, தாய்ப்பாலுக்குப் பதிலாக டின் பாலை விற்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். உலகம் அதைக் காதில் வாங்க நாற்பது வருடத்துக்கு மேல் சென்றது. 1981ல் ஜெனீவாவில் தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கு ஒரு நெறிக்கோவை கொண்டுவந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டும். நம் நாடு 1983லேயே தனக்கென்று ஒரு கோவையை எழுதிக்கொண்டது, 2002ல் அதைத் திருத்தியது. தாய்மாருக்கு விளம்பரம் கூடாது, இலவச டின் கூடாது, நமக்குப் பரிசு கூடாது. நான் வேலை செய்த ஒரு கிளினிக்கில் யாரோ கொடுத்த கலண்டர் ஒன்று சுவரில் தொங்கியது. கொழுத்த பிள்ளையின் படம், கீழே சின்ன எழுத்தில் ஒரு பெயர். அதற்குக் கீழே நின்று தாய்ப்பாலைப் பற்றி நான் முக்கால் மணித்தியாலம் பேசி முடித்ததும், முன் வாங்கில் இருந்த பெண் கேட்டாள்: "மிஸ், அந்தப் படத்தில கிடக்கிற மா நல்லதா?" அவளில் பிழையில்லை. சுவர் பேசியது என் பேச்சைவிடப் பலமாகக் கேட்டிருக்கிறது. இன்றைக்குக் கலண்டருக்குப் பதில் போனில் வருகிறது. அழகான தாய் ஒருத்தி சிரித்துக்கொண்டு டின்னைக் காட்டுகிறாள். தடுப்பது உன்னால் முடியாது. அதைப் பார்த்துவிட்டுத் தாய் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்வது முடியும். கோவையை மீறி யாரும் கிளினிக் பக்கம் வந்தால் தேதி, நேரம், பொருள் மூன்றையும் எழுதி மேலே அனுப்பு.

8. வெள்ளமோ இடப்பெயர்வோ வந்தால் முதலில் ஒரு மறைப்புக் கட்டு. இது நமது மாவட்டம் படிப்பித்த பாடம். 2004 டிசம்பர் 26ல் கடல் வந்து கல்லடி, நாவலடிப் பக்கத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு பாடசாலைகள் முகாமாயின. எங்கெங்கோ இருந்து நல்ல மனதோடு அனுப்பிய பொருட்களுக்குள் பால்மா டின்னும் போத்தலும் வந்து இறங்கின. கிணறுகளில் உப்பு நீர், போத்தலைக் கழுவக் கொதிநீர் இல்லை, டின்னில் எழுதியிருந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பயந்த தாய்க்குப் பால் வற்றிப் போகும் என்ற பேச்சு முகாமெங்கும் ஓடியது. பயத்தில் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும், சுரப்பு நிற்காது. பிள்ளையை அணைத்து வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டால் இறங்கிவிடும். 2007ல் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து வந்து கூடாரங்களில் இருந்தபோது இதைச் சொல்ல நாங்கள் பழகியிருந்தோம், ஆனாலும் சில தாய்மார் பகலில் பால் கொடுக்கவேயில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க நாளெடுத்தது. நாலு குடும்பம் இருக்கிற கூடாரத்தில், அயலூர் ஆண்கள் முன்னால் மாராப்பை விலக்க அவர்களுக்குக் கூச்சம். ஒரு பழைய சேலையைக் கயிற்றில் போட்டுக் கட்டினோம், பின்னால் ஒரு பாய், ஒரு குடம் தண்ணி. அன்று பின்னேரமே அதற்குள் மூன்று பேர் இருந்தார்கள், கதை பேசிக்கொண்டு. ஆகவே மாரி வெள்ளம் தொடங்க முன்பே உன் பிரிவில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, எந்தெந்த வீடு என்ற பட்டியலை மழைக்கு நனையாத உறையில் போட்டு வை. தாய்க்குச் சாப்பாடு முதல் வரிசையில் போக வேண்டும் என்று முகாம் பொறுப்பாளரோடு சண்டை பிடி. பால்மா வந்தால் அது சுகாதார வைத்திய அதிகாரியின் கையில் இருக்கட்டும். தாயை இழந்த பிள்ளைக்கு மட்டும், கோப்பையால்.

9. சட்டத்தை வாயில் வைத்திரு. அரச வேலைக்காரிக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள், பிறகு விரும்பினால் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் இன்னும் 84 நாள். 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. வேலைக்குத் திரும்பினால், பிள்ளைக்கு ஆறு மாதமாகும்வரை ஒரு மணித்தியாலம் முந்தி வீட்டுக்குப் போகலாம். தனியார் வேலைக்காரிக்கு முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து லீவு பாதியாகக் குறையும். 2018ல் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 வேலை நாள் என்று ஆக்கினார்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் வேலை நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு: பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் அரை அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இது இருப்பதே தெரியாமல் கடைகளிலும் தையல் ஆலைகளிலும் எத்தனை பேர் கழிவறைக்குள் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றுகிறார்கள். ஏழாம் மாதக் கிளினிக்கிலேயே இதைச் சொல்லிவிடு, புருசன் கூட வந்திருக்கிற நாளாகப் பார்த்து.

சட்டம் எட்டாத இடமும் இருக்கிறது. நாற்று நடவும் கதிர் அறுக்கவும் கூலிக்குப் போகிறவளுக்கு லீவு தரப் போவது யார்? மத்திய கிழக்குக்குப் போக ஏஜென்சிக்காரன் வாசலில் நிற்கிற வீட்டில் நீ என்ன பேசுவாய்? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக முடியாது என்று 2013ல் விதி போட்டார்கள், பின்னால் அதைத் தளர்த்தினார்கள். கடன் உள்ளவளுக்கு எந்த விதியும் சோறு போடவில்லை. இங்கே உபதேசம் செய்யாதே. கையால் பால் எடுக்கச் சொல்லிக் கொடு: அவித்த எவர்சில்வர் கோப்பை, மூடி, அதைத் தண்ணீர்ப் பானை ஓரம் குளிர்மையில் வைப்பது, அம்மம்மா கோப்பையால் பருக்குவது. வயலுக்குப் பிள்ளையைத் தூக்கி வர ஒரு தங்கை இருந்தால் வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரிடம் நீயே போய்ப் பேசு. வரம்பில் மரநிழலும் பத்து நிமிடமும்தான் கேட்கிறாய். மிட்வைப் அம்மா கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கும் வெட்கமாக இருக்கும்.

10. திரிபோஷா சத்துமாப் பைக்கற்றைத் தாய் மட்டும் சாப்பிடுவாள் என்று நினைக்காதே. மாதம் இரண்டு பைக்கற், 1973 முதல் ஓடுகிற திட்டம், நல்ல திட்டம். ஆனால் மூத்த பிள்ளை இரண்டு பேர் பள்ளியால் பசியோடு வந்து நிற்கும்போது தாய் தனியாக உருண்டை பிடித்துச் சாப்பிடமாட்டாள். அதற்காக அவளை ஏசினால் அவள் தாய்மையைத்தான் ஏசுகிறாய். 2022ல் திரிபோஷாவும் வரவில்லை, பெற்றோலும் இல்லை, அரிசி விலை ஏறிப் போனது. அந்த நாட்களில் நம் மிட்வைப் பிள்ளைகள் பலர் சைக்கிளிலும் நடந்தும் வீடு பார்த்தார்கள். பால்மா விலை எட்டாத உயரத்துக்குப் போனதால் தாய்ப்பாலை விடாமல் இருந்த பிள்ளைகள் தப்பின. ஆனால் வறுமைதான் தாய்ப்பாலை வளர்க்கிறது என்று யாராவது மேடையில் பேசினால் கை தட்டாதே. சாப்பிடாத தாயும் பால் கொடுப்பாள். அவள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பாள்.

11. பதிவேட்டில் பொய் எழுதாதே. நம் நாட்டுக் கணக்கு பெருமைப்படத் தக்கது: ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்போர் 2016 ஆய்வின்படி 82 சதவீதம், அதற்குப் பத்து வருடத்துக்கு முந்திய ஆய்வில் 76. உலகத்தை முழுதாக எடுத்தால் பாதிகூட இல்லை. 2020ல் உலகப் பாலூட்டல் போக்குகள் மதிப்பீட்டில் 100க்கு 91 புள்ளி வாங்கி, பச்சை நிறம் பெற்ற முதல் நாடு நாம்தான். இவ்வளவு பேர் வாங்கிய பிறகு கீழே இருக்கிற நமக்கு ஒரு சோதனை வரும். உன் பிரிவில் மட்டும் குறைந்தால் கூட்டத்தில் எழுப்பிக் கேட்பார்கள். அந்தப் பயம் தாய்மாருக்கும் தொற்றும், உன்னிடம் ஒளிப்பார்கள். நீ வீட்டுக்குள் நுழையும்போது யாரோ அவசரமாக உள்ளறைக்குப் போவதைக் கவனி. ஒரு வீட்டில் பிள்ளையை நிறுக்க ஏணைக்குள் கையை விட்டேன், பிள்ளைக்குக் கீழே துணியில் சுற்றிய போத்தல் இளஞ்சூடாக இருந்தது. தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போத்தலைவிட அவள் என்னிடம் அதை ஒளித்ததுதான் எனக்குச் சுட்டது. போத்தலைத் திரும்ப ஏணையிலேயே வைத்தேன், பிள்ளையைத் தூக்கினேன், ராத்திரி நித்திரை எப்படி என்று கேட்டேன். மூன்றாம் தரம் போனபோது அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மாதத்தில் போத்தல் போய்விட்டது. அந்த மாத அறிக்கையில் உள்ளதைத்தான் எழுதினேன். கலப்புப் பால் என்று எழுதினால்தான் உனக்கு உதவிக்கு ஆள் வரும். எல்லாம் சரி என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள்.

12. கொடுக்க முடியாத தாயும் இருக்கிறாள். மருந்து காரணமாக வைத்தியர் வேண்டாம் என்றிருப்பார், மார்பில் சத்திரசிகிச்சை நடந்திருக்கும், பிள்ளையைப் பெற்றவளே இல்லாமல் போயிருப்பாள். கிளினிக்கில் எல்லார் முன்னாலும் "ஏன் பால் கொடுக்கல்ல?" என்று கேட்டுவிடாதே. தனியே கூப்பிட்டு, தண்ணீரை எவ்வளவு கொதிக்க வைப்பது, மாவை எப்படி அளப்பது, கோப்பையால் எப்படிக் கொடுப்பது என்று மற்றத் தாய்க்குக் காட்டுகிற அதே பொறுமையோடு காட்டு. நாற்பத்திரண்டாம் நாள் போகும்போது எந்தத் தாயானாலும் பிள்ளையைப் பார்க்க முன் அவள் முகத்தைப் பார். தலை சீவியிருக்கிறாளா, சாப்பிட்டாளா, பிள்ளை அழும்போது திரும்புகிறாளா என்று பார். மனம் இருண்டு போயிருக்கிறவளிடம் பாலைப் பற்றிப் பேசுவது வீண். அவளை வைத்தியரிடம் கூட்டிப் போ.

13. கடைசியாக உன்னைப் பற்றி. நீயும் கலியாணம் முடிப்பாய், பிள்ளை பெறுவாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு, தன் பிள்ளையை மூன்றாம் மாதம் போத்தலோடு விட்டு வந்த மிட்வைப்மார் எனக்குத் தெரியும். பக்கத்துப் பிரிவில் ஆளில்லை, இரண்டு பிரிவையும் ஒருத்தி பார்க்கிறாள், லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மற்றவர்களுக்கு நீ படித்துக் காட்டுகிற அதே சுற்றறிக்கை உனக்கும் பொருந்தும். அரைச் சம்பள லீவு எடுக்க முடிந்தால் எடு. முடியாவிட்டால் அந்த ஒரு மணித்தியாலத்தையாவது விடாதே. வாயால் கேட்காதே, எழுத்தில் கேள், பிரதியில் தேதியும் கையொப்பமும் வாங்கி வீட்டில் வை.